நாற்பத்தாறு வயதில் ஒரு வரலாற்றுப் பரீட்சை

1

மாமா என்னோடு பேச்சை நிறுத்தி இன்றோடு பதினோரு நாள். சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. எண்பத்தாறு வயது. மலாக்காவில், கிளேபாங் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அவர், நான், என் வீட்டுக்காரர், பதினேழு வயது மகள் வர்ஷினி என்று நான்கு பேர். கல்யாணமாகித் திருத்துறைப்பூண்டியிலிருந்து நான் இங்கே வந்து பத்தொன்பது வருஷம் முடிந்துவிட்டது.

வந்த கடிதம், குடியுரிமை கேட்டு நான் போட்டிருந்த மனுவுக்குப் பதில். மலாய் மொழியில் நேர்காணல், இன்ன தேதி, இத்தனை மணி, அசல் பத்திரங்களோடு வரவும். பேச்சோடு பேச்சாக நாட்டின் வரலாற்றையும் கேட்பார்கள் என்று ஏற்கெனவே போய்வந்தவர்கள் சொன்னார்கள். தேறினால், மேலிடத்தில் சம்மதம் கிடைத்தால், இந்திய பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு என் சிவப்பு ஐசி போய் நீல ஐசி வரும். இங்கே அடையாள அட்டையை ஐசி என்பார்கள். நீலம் குடிமக்களுக்கு. சிவப்பு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டவர்களுக்கு. அந்தச் சிவப்பு கிடைப்பதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு முறை விசா நீட்டிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பத்து பெரண்டாம் என்ற இடத்தில் இருக்கும் தன் தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு வரிசையில் உட்கார்ந்து, இவள் இன்னும் என் மனைவிதான் என்று வருஷா வருஷம் கையெழுத்துப் போடுவார். நல்லவேளை, ஒரு வருஷமும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

ஊரில் நான் வரலாற்று டீச்சர். ஐந்து வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவள். ‘வயது வந்தோர் வாக்குரிமை’ என்று கரும்பலகையில் பட்டையாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்ல வைத்தவள். அப்படிப்பட்டவள் பத்தொன்பது வருஷமாக எங்கேயும் ஓட்டுப் போடவில்லை. அங்கே நான் இல்லை, இங்கே எனக்கு இல்லை. போன தேர்தலன்று என் வீட்டுக்காரர் ஓட்டுப் போட்டுவிட்டு, வழியில் மீனும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் மீனைப் பார்க்கவில்லை, அவர் விரல் மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தேர்தலில் வர்ஷினிக்கும் அந்த மை வந்துவிடும். பெற்ற மகள்மேல் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. பட்டேன். அதற்காகத்தான் மனுப் போட்டேன்.

கடிதம் வந்த அன்று சந்தோஷமாக மாமாவிடம் படித்துக் காட்டினேன்.

“எதுக்கும்மா ஒனக்கு?” என்றார். “செவப்பு இருக்குல்ல? யாராச்சும் தொரத்துறானா ஒன்ன?”

“நீலம் நல்லதுதானே மாமா. நீங்களும் மனுப் போட்டு எடுத்ததுதானே?”

கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார். குழம்பு வேண்டுமா என்று கேட்டால் தட்டை நகர்த்துகிறார், அதுதான் பதில். பத்தொன்பது வருஷத்தில் இது புதிது. மனுஷர் கோபக்காரர்தான், ஆனால் கோபத்தை அரைமணி நேரத்துக்குமேல் வைத்திருக்கத் தெரியாதவர்.

2

எனக்கு டியூஷன் எடுப்பது வர்ஷினி. அவளுக்கு இந்த வருஷம் பெரிய பரீட்சை. அதில் செஜாரா கட்டாயப் பாடம், அதாவது வரலாறு. அதில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அதனால் அவள் பழைய புத்தகம் எனக்கு, புதுப் புத்தகம் அவளுக்கு. சாயங்காலம் அடுப்பில் சாதம் வேகும்போது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து படிக்கிறோம். மூன்று நிறத்தில் கோடு போடும் பேனா வைத்திருக்கிறாள். மஞ்சள் என்றால் ஆண்டு, பச்சை என்றால் காரணம், ரோஜா என்றால் விளைவு. என் பக்கங்களில் நான் பென்சிலால் கேள்வி எழுதி வைக்கிறேன். அதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பலெம்பாங்கிலிருந்து தப்பி வந்த இளவரசர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் எட்டி உதைக்கிறது. மானுக்கே இத்தனை வீரமா, இதுதான் நல்ல இடம் என்று அங்கே ஊரை அமைக்கிறார். மரத்தின் பெயர் மலாக்கா, ஊருக்கும் அதுவே பெயர். கதை நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒன்று கேட்டேன்.

“மான் உதைக்கறதுக்கு முன்னாடியே அங்க மீன் பிடிக்கறவங்க இருந்திருப்பாங்களேடி. ராஜா வந்து எறங்கினப்ப அவங்க என்ன சொன்னாங்க?”

“ம்மா, அதெல்லாம் எக்ஸாம்ல வராது லா.” இங்கே எந்தப் பேச்சுக்கும் அந்த ‘லா’ ஒரு வால்.

“எனக்குத் தெரிஞ்சுக்கணும்ல?”

“நீங்க ஓவரா யோசிக்கிறீங்க. பாயிண்ட் மட்டும் சொல்லுங்க. பாயிண்ட் சொல்லி, கொஞ்சம் விளக்கம். கதை சொன்னா ஆபீசர் தூங்கிடுவாங்க.”

பரீட்சைக்கு வராது என்ற வார்த்தையை நான் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! ஊரில் என் வகுப்பில் ஒரு ஆசியப் படம் தொங்கும். வாசனைப் பொருள் வாணிகம் என்று அரைப்பக்கப் பாடம். கிழக்கே பிரம்பை நீட்டி ஒரு புள்ளியைத் தொட்டு, இது மலாக்கா, பரீட்சைக்கு வராது, அடுத்த பக்கம் திருப்புங்கள் என்பேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி, அங்கே இப்போது யார் டீச்சர் இருக்கிறார்கள் என்று கேட்டாள். உட்காரு என்றேன். இப்போது இருப்பது நான்தான் என்று அவளுக்கு யார் போய்ச் சொல்வது?

ஐப்பசி அடைமழையில் அந்த வகுப்பறை ஓட்டுக்கூரையிலிருந்து ஒழுகும். பிள்ளைகள் பெஞ்சை இழுத்துக்கொண்டு நடுவில் நெருங்கி உட்காருவார்கள். ஈரப் பாவாடையும் சாக்பீஸும் கலந்த ஒரு வாடை. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு, எங்கள் வகுப்பில் பானிப்பட்டு. கலெக்டர் லீவு விட்டுவிட்டார் என்று பியூன் வந்து சொன்னால் எழும் கூச்சல் முள்ளியாற்றுப் பாலம் வரை கேட்கும். இங்கேயும் மழை பெய்கிறது, ஊரைவிட அதிகமாகவே பெய்கிறது. யாருக்கும் அதனால் லீவு விடுவதில்லை. மழைக்காக ஒரு ஊரே வீட்டில் இருக்கும் அந்தச் சுகம் எனக்கு வேண்டும். வெளிப்படையாகச் சொல்கிறேன், அதற்காக நான் ஏங்கிப்போயிருக்கிறேன்.

அன்று வர்ஷினி தேர்வு அதிகாரியைப்போல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சுதந்திர தினம் எப்போ?”

“பதினஞ்சு ஆகஸ்ட்டு” என்று வாய் சொல்லிவிட்டது.

“பெயில்!” என்று மேசையைத் தட்டிச் சிரித்தாள். “ம்மா, அது உங்க ஊரு. இது நம்ம ஊரு. முப்பத்தொண்ணு!”

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் ஊர் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மட்டும் எங்கோ குத்துகிறது.

3

அவள் புத்தகத்தில் நம் ஆட்களைப் பற்றியும் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்யக் கப்பலில் வந்தார்கள் என்று சில வரிகள், ஒரு படம். படத்தில் வரிசையாக நிற்கிறார்கள், யாருக்கும் முகம் தெரியவில்லை. முகத்தோடு ஒருவர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்.

“தாத்தாகிட்டக் கேட்டுப் பாரேன்” என்றேன்.

“கேட்டேன் லா. எல்லாம் புக்குல இருக்கும், போய்ப் படின்னுட்டாரு.”

அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டுக்காரர் சொன்னதுதான். மாமாவின் அப்பா மன்னார்குடிப் பக்கத்துக்காரர். பெரிய யுத்தம் முடிந்த பிறகு மனைவியையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி, ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தார். மாமா இளையவர். இவரைவிட நான்கு வயது மூத்த அண்ணன், என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா.

இந்த நாடு சுதந்திரம் அடைந்தபோது மாமாவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பிறந்தது வேறு நாடாக இருந்தாலும் இங்கேயே பல வருஷம் இருந்தவர்கள் பெயரைப் பதிந்து குடிமகன் ஆகலாம் என்றார்கள். முதல் ஒரு வருஷத்துக்கு மொழிப் பரீட்சைகூடக் கிடையாது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். அங்கே மேசை போட்டு, கிராணி உட்கார்ந்து மனு எழுதினார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

கூட்டம் முண்டியடித்திருக்கும் என்றுதான் வரலாறு படித்த நான் நினைத்தேன். இல்லையாம். பல வீடுகளில் பங்கு பிரித்திருக்கிறார்கள். ஒரு மகன் பெயர் கொடுப்பான், இன்னொரு மகன் கொடுக்க மாட்டான். எல்லோரும் இங்கே எழுதிவிட்டால் ஊரில் இருக்கிற வீட்டுக்கு யார் போவது? ஒருவருமே எழுதாவிட்டால் நாளைக்கு இங்கே வேலை போனால் என்ன செய்வது? ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்துக்கொண்டால் விழமாட்டோம் என்று கணக்கு. அந்தக் கால்கள் இரண்டு பிள்ளைகளுடையவை என்பதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் பங்கில் மாமாவுக்கு நீலம், பெரியப்பாவுக்குச் சிவப்பு. பத்துப் பன்னிரண்டு வருஷம் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் இருந்து, ஒரே வேலை பார்த்தார்கள். பிறகு குடிமகன் அல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்று ஒரு காலம் வந்தது. பெரியப்பாவுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறிவிட்டார். எந்த வீட்டைக் காப்பாற்ற அவரை இந்தியராகவே வைத்திருந்தார்களோ, அந்த வீட்டில் பங்காளிகள் எப்போதோ குடியேறியிருந்தார்கள். முத்துப்பேட்டையில் ஒரு ரைஸ்மில்லில் மூட்டை தூக்கி மிச்ச நாளைக் கழித்தார். சில வருஷம் முன்பு இறந்தும் போனார். சேதி வந்த அன்று மாமா தலை முழுகிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அண்ணனுக்கு ஊர்ப்பாசம், அதனால்தான் அவர் பெயர் கொடுக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் முடித்தார். அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

எனக்கு மாமாமேல் ஒரு பழைய வருத்தம் உண்டு. தன் மகனுக்கு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம்தான் பெண் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். கல்யாணத்துக்கு மட்டும் வரவில்லை. முழங்கால் வலி என்றார்கள். மருமகளை அழைக்க வராத மாமனார் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

4

நேர்காணல் நேற்று முடிந்தது.

விடிந்ததும் குளித்து, பருத்திப் புடவை கட்டி, பத்திரங்களை எடுத்துக்கொண்டேன். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு ஒரு எழுத்து கூடுதல், கல்யாணப் பத்திரத்தில் ஒரு எழுத்து குறைவு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்த காகிதம் தனியாக. என் வாழ்க்கையில் பாதி, நான் நான்தான் என்று நிரூபிப்பதிலேயே போய்விட்டது. கிளம்பும்போது மாமா வாசலில் செருப்பை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். போய்வருகிறேன் மாமா என்றேன். நிமிரவில்லை.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொல்லி, தண்ணீர் போத்தல் ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார், படித்தேன். மலாக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். மரம், நாய், சருகுமான் எல்லாவற்றையும் சொன்னேன். சுதந்திரம் வரப்போகும் நாளை முதலில் எங்கே அறிவித்தார்கள் என்றார். இதே மலாக்காவில், பண்டார் ஹிலிர் திடலில் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். டீச்சர் புத்தி விடவில்லை. லண்டனுக்குப் போன பேச்சுவார்த்தைக் குழு, திரும்பி வந்து இறங்கியது, திடலில் கூடிய கூட்டம் என்று என் அரைகுறை மலாயில் ஒரு முழுப் பாடமே நடத்திவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“நீங்கள் டீச்சரா?”

“இருந்தேன்.”

“தெரிகிறது” என்று சிரித்தார். முடிந்தது என்று நினைத்துப் பையை எடுத்தேன். அவரும் என் மனு இருந்த ஃபைலை மூடிக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்பதைப்போல் கேட்டார். “தீபாவளி வருகிறதே, எங்கே பாலிக் கம்போங்?”

பாலிக் கம்போங் என்றால் சொந்த ஊருக்குத் திரும்புவது. பெருநாள் வந்தால் இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கும் சாதாரணக் கேள்வி அது. மீன் கடையில் கேட்பார்கள், பல் டாக்டர் கேட்பார். பத்தொன்பது வருஷமாக எனக்கு ஒரே பதில்தான், இந்தியா, ரொம்பத் தூரம், டிக்கெட் விலை அதிகம். நேற்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ஜாசின். அங்கே எங்கள் தோட்டம்” என்றேன்.

அவர் தலையாட்டி, பக்கத்தில்தானே, நல்லது என்று வாழ்த்தி அனுப்பினார். வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றபோதுதான் உறைத்தது. அந்தத் தோட்டத்தில் நான் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. நான் வருவதற்கு முன்பே அதை விற்று, வீடு கட்டி, ரவுண்டானா போட்டுவிட்டார்கள். ஒரு முனீஸ்வரன் கோயில்தான் மிச்சம். அதை என் ஊர் என்று சொல்லியிருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. திருத்துறைப்பூண்டி என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் மதிப்பெண் குறைத்திருக்கமாட்டார். பாஸ்போர்ட்டை அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே என் ஊரை நானாகத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். காருக்குள் உட்கார்ந்து அழுதேன். கல்யாணமாகி விமானம் ஏறிய அன்றுகூட அப்படி அழவில்லை.

5

வீட்டுக்கு வந்தபோது மாமா மட்டும்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தார்.

“பெயிலா?” என்றார். பன்னிரண்டாம் நாள் முதல் வார்த்தை.

“இல்ல மாமா. நல்லாத்தான் செஞ்சேன்.”

“அப்புறம் ஏன் அழுதிருக்க?”

சொன்னேன். கேள்வியையும் சொன்னேன், பதிலையும் சொன்னேன். “எங்க ஊரச் சொல்லாம உங்க தோட்டத்தச் சொல்லிட்டேன் மாமா. எப்படிச் சொன்னேன்னே தெரியல.”

“நானும் அப்படித்தாம்மா வாய் தவறிச் சொன்னேன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பேரு குடுக்கச் சொன்னது என்னை இல்ல. அண்ணன. அப்பா அவரைத்தான் சொன்னாரு. மூத்தவன் இங்க வேரு விடட்டும், சின்னவன் ஊருக்குப் போவட்டும்னு. அன்னைக்கு மழ பெஞ்சி, பாலுக்கு மரம் சீவ நேரமாயிருச்சி. அண்ணன் தோட்டத்துக் கடைசிக் காட்டுல ரப்பர்ப் பால் எடுத்துக்கிட்டு இருந்தாரு. நான் பெரட்டுக்களத்துல சும்மா வேடிக்க பாத்துக்கிட்டு நின்னேன். கிராணி எங்கப்பா பேரச் சொல்லி, இந்த வீட்டுல யாருடான்னு கூப்பிட்டாரு. நான்தான்னு சொல்லிட்டேன்.”

“தெரியாம சொல்லிட்டீங்களா மாமா?”

“அப்படித்தான் இத்தனை வருஷமா நெனச்சிக்கிட்டேன். வாய் தவறிருச்சின்னு. தெரிஞ்சிதான் சொன்னேன். எனக்கு ஊருக்குப் போவப் புடிக்கல.”

வாளியோடு பெரியப்பா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எழுதிட்டியா, சரி விடு, நான் அப்புறம் எழுதிக்கிறேன் என்று இவர் தலையைத் தடவிவிட்டுப் போனாராம். வீட்டுக்கு ஒருவர்தான் என்று அப்பா பிடிவாதமாக இருந்துவிட்டார். அப்பா செத்துப்போய் அவர் எழுதப் போனபோது மொழிப் பரீட்சை வந்துவிட்டது.

“ரெண்டு தடவ போனாரு. சட்டை தச்சிப் போட்டுக்கிட்டுப் போனாரு. தோட்டத்துல கெடந்தவரு, அவருக்கு என்ன மலாய் தெரியும்? ரெண்டு தடவையும் இப்படித்தான் மூஞ்சி வாடித் திரும்பி வந்தாரு. நீ கடிதத்தக் காட்டினதும் எனக்கு அதான் வந்து நின்னுச்சி. ஒம்மேல கோவம் இல்லம்மா.”

எண்பத்தாறு வயது மனுஷரை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஒங்க கல்யாணத்துக்கு அண்ணன் வந்தாரா?” என்று கேட்டார். பத்தொன்பது வருஷமாகக் கேட்காத கேள்வி.

வந்திருந்தார். முத்துப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, மண்டபத்து வாசலிலேயே வெகுநேரம் நின்றவர். மாலையும் கழுத்துமாக நான் குனிந்து கும்பிட்டபோது திருநீறு பூசிவிட்டார்.

“வந்தாரு மாமா.”

“என்ன கேட்டாரு?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. “தம்பி வரலையான்னு கேட்டாரு. முழங்கால் வலின்னு சொன்னோம். சின்ன வயசுலேருந்தே அவனுக்குக் கால் வலி உண்டுன்னு அவரே எல்லார்கிட்டயும் சொன்னாரு.”

“எனக்குச் சின்ன வயசுல கால் வலியெல்லாம் கெடையாது” என்றார் மாமா. டம்ளரை நான் வாங்கி வைத்தேன்.

சாயங்காலம் வர்ஷினி பள்ளியிலிருந்து வந்து, தேர்வு எப்படி என்று பிடுங்கி எடுத்துவிட்டாள். நிச்சயம் பாஸ் என்று அவளாகவே முடிவு கட்டினாள். சம்மதக் கடிதம் வர மாதங்கள் ஆகும், வந்த பிறகு பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த நாள் வந்தால் என் கை எழுதுமா என்று எனக்கே தெரியவில்லை. அதையும் சொன்னேன்.

முன்னறையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

“கையெழுத்துப் போடற அன்னைக்கு என்னையும் கார்ல ஏத்திக்கிட்டுப் போம்மா. நீ யாரு எடத்துலயும் போடல. அப்படி ஒரு ஆளு போடறத நான் ஒரு தடவ பாக்கணும்.”